தேம்பாவணி ஆய்வும் இத்தாலிய, ஸ்பானிய இலக்கிய மேற்பட்டப் படிப்பும்: ஒப்பியல் நெறி குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். கன்னி மரியாளின் கணவரும் இயேசுவின் வளர்ப்புத் தந்தையுமான சூசையப்பர் 'வளன்' என்னும் பெயரில் இதன் தலைவராகத் திகழ்கிறார். தமிழ் ஒப்பியலில் இக்காப்பியம் பேசப்படும் பொழுதெல்லாம் தாந்தே, தாசோ, மில்டன் ஆகிய மூவரின் பெயர்களும் உடன் எழுகின்றன. இவ்வொப்பீடு பெரிதும் ஆங்கில வழியாகவே நடந்து வந்துள்ளது. மில்டனைப் பொறுத்தவரை அதில் குறையில்லை. தாந்தேயும் தாசோவும் இத்தாலிய மொழியில் எழுதியவர்கள். அதனினும் முதன்மையானது, தேம்பாவணியின் கதைப்பொருள் இம்மூவரிடமிருந்தும் வரவில்லை என்பதாகும். அது ஸ்பானிய நாட்டுத் துறவி ஒருவர் எழுதிய உரைநடை நூலிலிருந்து வந்தது.

கதைமூலம் ஸ்பானியத்தில் இருக்க, ஆசிரியரின் கல்வி இத்தாலியில் அமைந்திருக்க, ஒப்பீடு மட்டும் ஆங்கிலத்தில் நிகழ்வது தேம்பாவணித் திறனாய்வின் அடிப்படைக் குறையாகும். இத்தாலிய, ஸ்பானிய மொழி இலக்கியங்களில் முதுகலை, முனைவர் பட்ட நிலையில் அளிக்கப்படும் பயிற்சி இக்குறையை எவ்வாறு நீக்கக்கூடும் என்பதையும், அப்பயிற்சியின் எல்லைகள் எவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கதைமூலம்: ஆக்ரெதா மரியாவின் நூல்

ஸ்பெயினின் ஆக்ரெதா என்னும் சிற்றூரில் 1602இல் பிறந்து, அங்கேயே கன்னியர் மடத்துத் தலைவியாக விளங்கி, 1665இல் மறைந்தவர் மரியா தே ஹெசூஸ். மன்னர் நான்காம் பிலிப்புடன் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். மரியன்னையின் வாழ்க்கையை அன்னையே தமக்கு வெளிப்படுத்தியதாகக் கூறி அவர் எழுதிய 'கடவுளின் மறைபொருள் நகரம்' என்னும் நூல் அவர் மறைவுக்குப் பின் 1670இல் அச்சேறியது. முதலில் எழுதிய படியை ஒரு குருவின் கட்டளைப்படி எரித்துவிட்டு, மீண்டும் எழுதிய நூல் அது. உரோமைத் திருச்சபை விசாரணை மன்றம் 1681இல் அதனைத் தடை செய்தது. ஸ்பானிய அரசரின் வேண்டுகோளால் அத்தடை ஸ்பெயினில் நிறுத்தி வைக்கப்பட்டது. 1696இல் பாரிசின் சொர்போன் இறையியலாளர்களும் அந்நூலைக் கண்டித்தனர்.

தேம்பாவணிக்கு இந்நூல் மூலமானது என்னும் செய்தி ஆய்வாளர்க்குப் புதிதன்று. ஆயினும் அச்செய்தி பெரும்பாலும் ஒரு வரியில் கூறப்பட்டு அதனோடு விடப்படுகிறது. ஸ்பானிய மூலத்தையும் தமிழ்க் காப்பியத்தையும் அருகருகே வைத்து நோக்கினால், வீரமாமுனிவர் செய்த மாற்றங்களே அவருடைய கவித்துவத்தை விளக்கும் சான்றுகளாகின்றன. அவற்றுள் மூன்று இங்கு குறிக்கத்தக்கன.

முதலாவது, தலைமை மாற்றம். ஆக்ரெதா மரியாவின் நூல் முழுவதும் மரியன்னையின் வரலாறு. சூசையப்பர் அதில் துணைமாந்தர்; அன்னையின் வாழ்வு தொடர்ந்து செல்ல, அவர் இடையில் இறந்துபடுகிறார். வீரமாமுனிவர் அத்துணைமாந்தரைத் தலைவராக்கி, அவர் பிறப்பில் தொடங்கி, விண்ணுலகில் அவர் முடிசூடுவதில் காப்பியத்தை நிறைவு செய்கிறார்.

இரண்டாவது, கூற்று மாற்றம். ஸ்பானிய நூலில் காட்சி கண்ட துறவியே பேசுகிறார். அதிகாரங்களின் இறுதியில் மரியன்னை அவருக்கு அளித்த போதனை இடம்பெறுகிறது. தமிழ்க் காப்பியத்தில் இத்தகைய முடிவுப் போதனைகள் இல்லை. அறிவுரைகள் கதைமாந்தர் உரையாடல்களிலும் வருணனைகளிலும் கரைக்கப்பட்டுள்ளன. தனிப்பட்ட ஒருவரின் மறைஞானச் சான்றாக இருந்தது அவையோர் கேட்கும் காப்பியமாகிறது.

மூன்றாவது, பெயர் மாற்றம். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் 'பெருகச் செய்தல்' என்னும் பொருளடியில் பிறந்தது. அவ்வொலியைத் தமிழில் எழுதுவதோடு அமையாமல், அதன் பொருளை உணர்த்தும் வகையில் 'வளன்' என்னும் பெயரை ஆசிரியர் ஆக்கிக்கொண்டார். ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் அப்பெயர் ஒலித்திரிபாக மட்டுமே வழங்குகிறது. தமிழில்தான் அது மீண்டும் பொருள் பெற்றது.

இம்மூன்றும் மூலநூலை அறியாதவர்க்குப் புலப்படா. மூலத்தை அறிவது காப்பியத்தின் தனித்தன்மையைக் குறைக்கும் என்னும் அச்சம் தமிழ்ச் சூழலில் உண்டு. ஐரோப்பிய மூலங்களைத் தேடிச் செல்வது தமிழ்க் காப்பியத்தை வழிநூலாகத் தாழ்த்துவது என்று கருதுவோரின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. குடியேற்ற ஆட்சிக் காலத்து ஐரோப்பியர் பலர் அவ்வாறு தாழ்த்தியே எழுதினர். ஆயின் மேற்கண்ட சான்றுகள் இதற்கு எதிரான முடிவையே தருகின்றன. எதிலிருந்து விலகினார் என்று அறிந்தாலன்றி, ஒரு புலவர் எதனை ஆக்கினார் என்று கூற இயலாது.

கல்விமூலம்: இத்தாலியும் இலத்தீனும்

வீரமாமுனிவர் 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் ஊரில் பிறந்தார். இலத்தீனப் பெருங்கவிஞர் வெர்ஜில் பிறந்த மாந்துவா வட்டாரத்தைச் சேர்ந்த ஊர் அது. அவ்வூரிலேயே 1568இல் பிறந்த இயேசு சபைப் புனிதர் அலோசியுஸ் கொன்சாகா இளமையில் ஸ்பானிய அரண்மனையில் இளவரசரின் பணியாளராக இருந்தவர். அருகிலுள்ள மிலான் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஸ்பானிய முடியின் ஆட்சியில் இருந்தது. ஆகவே, ஓர் இத்தாலியத் துறவி ஸ்பானிய நூலொன்றைத் தம் காப்பியத்திற்கு அடிப்படையாகக் கொண்டதில் வியப்பில்லை. அவர் பிறந்த நிலத்தில் இவ்விரு பண்பாடுகளும் அண்டை வீடுகளாக இருந்தன.

1698இல் அவர் இயேசு சபையில் சேர்ந்தார். சபைக் கல்லூரிகளின் பாடமுறையை வகுத்தது 1599இல் வெளியான கல்வித் திட்டம். இலக்கணம், இலக்கியம், அணியியல் என்னும் படிநிலைகளில் அமைந்த அத்திட்டத்தின் மொழி இலத்தீன். சிசரோவும் வெர்ஜிலும் அதன் தலையாய ஆசிரியர்கள். அணியியலுக்குரிய பாடநூலை எழுதியவர் சிப்ரியானோ சுவாரெஸ் என்னும் ஸ்பானியத் துறவி. தாய்மொழி இலக்கியம் இத்திட்டத்தில் முறையான பாடமாக இடம்பெறவில்லை.

இப்பின்னணியில் தாந்தேயோடு செய்யப்படும் ஒப்பீட்டை மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது. இன்று உலகம் போற்றும் தாந்தே, பெருமளவு 19ஆம் நூற்றாண்டு இத்தாலியத் தேசிய எழுச்சி மீட்டெடுத்த தாந்தே. 17ஆம் நூற்றாண்டு முழுவதிலும் இத்தாலியில் அவருடைய தெய்வீக நாடகம் மூன்று முறை மட்டுமே அச்சிடப்பட்டது. 1613இல் ஒன்றும் 1629இல் இரண்டுமாக அம்மூன்றும் வீரமாமுனிவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே முடிந்தன. இத்தாலிய இலக்கியத்தில் மேற்பட்டப் பயிற்சி பெறும் மாணவர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளும் செய்தி இது. அச்செய்தியை அறியாத ஒப்பீடு, 19ஆம் நூற்றாண்டின் இலக்கிய மதிப்பை 18ஆம் நூற்றாண்டுத் துறவியின் மேல் ஏற்றிவிடுகிறது. தாந்தே அவருக்குத் தெரியாதவர் என்பது இதன் பொருளன்று. தாந்தேயே அவருக்கு முன்மாதிரி என்று கொள்வதற்கு, பெயரின் பெருமையைக் கடந்த சான்று வேண்டும் என்பதே இதன் பொருள்.

தாசோவின் நிலை வேறு. 1581இல் வெளியான 'விடுதலை பெற்ற எருசலேம்' 20 காண்டங்களைக் கொண்டது. கிறித்தவப் பொருளைக் காப்பிய வடிவில் பாடுவதற்கு இத்தாலியில் பெருஞ்செல்வாக்குப் பெற்ற எடுத்துக்காட்டு. அதற்கு முன்னரே, கன்னி மரியாளின் மகப்பேற்றைச் சன்னாசாரோவும் (1526) கிறிஸ்துவின் வரலாற்றை வீதாவும் (1535) வெர்ஜிலின் நடையில் இலத்தீனத்தில் பாடியிருந்தனர். திருமறைக் கதையைச் செவ்வியல் காப்பிய மொழியில் பாடலாமா என்னும் கேள்விக்கு இத்தாலியப் புலவர் கண்ட விடைகள் இவை. அதே கேள்விக்கு மற்றொரு செவ்வியல் மொழியில் கண்ட விடையே தேம்பாவணி. தமிழ் ஒப்பியலில் தாந்தேயும் மில்டனும் பெறும் இடத்தை நோக்க, சன்னாசாரோவும் வீதாவும் பெறும் இடம் மிகச் சிறிது.

ஒப்புமையும் தாக்கமும்

ஒப்புமை காணும் இடமெல்லாம் தாக்கம் என முடிவு கட்டுவது ஒப்பியலில் நெடுங்காலமாக உள்ள வழு. தேம்பாவணியில் அலகைகள் கூடி ஆலோசிக்கும் பகுதியைக் கண்டதும் மில்டனை நினைப்பது ஆங்கிலம் வழிப் படித்தோர்க்கு இயல்பு. ஆனால் தாசோவின் நான்காம் காண்டத்தில் அத்தகைய அவை உண்டு, வீதாவிடம் உண்டு, ஆக்ரெதா மரியாவின் நூலிலேயே லூசிபர் தன் கூட்டத்தாரோடு சூழ்ச்சி செய்யும் பகுதிகள் பல உள்ளன. எனவே இது கிறித்தவக் காப்பிய மரபின் பொதுக்கூறு. தனி ஒருவருக்குக் கடன்பட்டதாகக் கூறுமுன் கதைமூல நூலையே முதலில் நோக்குதல் முறையாகும்.

கிளைக்கதைகளின் நிலை இதனினும் நுட்பமானது. திருக்குடும்பம் எகிப்துக்குச் செல்லும் வழியில் சோசுவன் வெற்றி முதலான பழைய ஏற்பாட்டு வரலாறுகள் கூறப்படுகின்றன. நடந்ததை வழிப்பயணத்தில் ஒருவர் எடுத்துரைப்பது வெர்ஜில் மரபுக்கு உரியது என இத்தாலியம் பயின்றவர் கூறுவார். விசுவாமித்திரர் இராமனுக்கு வழியெல்லாம் கதை கூறிச் செல்வதைத் தமிழ் பயின்றவர் நினைவூட்டுவார். இருவர் கூற்றும் மெய்யே. இரு மரபுகளும் ஒரே இடத்தில் வந்து பொருந்துவதை உணர்ந்தே ஆசிரியர் அவ்வுத்தியைக் கையாண்டார் எனக் கொள்ளலாம். இத்தகைய இடங்களில் 'தாக்கம்' என்னும் சொல் போதாது. இசைவு எனக் கூறுவதே தகும்.

இறுதிப் படலம் வேறொரு பாடம் தருகிறது. 'முடி சூட்டு படலம்' என்னும் பெயரே கம்பரைச் சுட்டுகிறது. விண்ணுலகப் பெருமை என்னும் கருத்து ஐரோப்பிய மறைநூல்களிலிருந்து வந்திருக்கலாம். அதனைக் காப்பியத்தின் முடிவாக, ஒரு தலைவன் முடிபுனையும் விழாவாக அமைக்கும் அமைப்பறிவு தமிழ் தந்தது. அவ்வாறே நாட்டுப் படலத்தில் யூதேயா மருத நிலத்தின் வளத்தைப் பெறுகிறது. நகரப் படலத்தில் எருசலேம் தமிழ்க் காப்பிய நகராகிறது. தாசோவின் எருசலேமோ முற்றுகையிட்டு மீட்க வேண்டிய நகரம். ஒரே நகரை இரு காப்பியங்களும் எவ்வளவு வேறாகக் காண்கின்றன என்பது இத்தாலியப் பனுவலையும் தமிழ்ப் பனுவலையும் சேர்த்துப் படிப்போர்க்கே விளங்கும்.

இரு மொழிகளையும் ஒருங்கு பயில்வதன் தேவை

இத்தாலியமும் ஸ்பானியமும் பல பல்கலைக்கழகங்களில் ஒரே துறையிலோ அடுத்தடுத்த துறைகளிலோ பயிற்றப்படுவது நிருவாக வசதிக்காக மட்டுமன்று. 1526இல் கிரனாதா நகரில் வெனிசுத் தூதர் நவஜேரோ, ஸ்பானியப் புலவர் போஸ்கானிடம் இத்தாலிய யாப்புகளை ஸ்பானியத்தில் முயலுமாறு கூறினார். போஸ்கானும் அவர் நண்பர் கார்சிலாசோவும் அதனை ஏற்றனர். அவர்களுடைய பாடல்கள் 1543இல் ஒருங்கே வெளிவந்தபின் ஸ்பானியக் கவிதையின் போக்கே மாறியது. தாசோ கையாண்ட எட்டடிச் செய்யுள் ஸ்பானியக் காப்பியங்களின் யாப்பாகவும் ஆனது இவ்வழியாகவே.

அவ்யாப்பிலேயே ஹோசே தே வால்திவியெல்சோ என்னும் ஸ்பானியக் குரு 1604இல் சூசையப்பரின் வாழ்வையும் இறப்பையும் நெடுங்காப்பியமாகப் பாடினார். அவிலா நகர்த் தெரேசா 1562இல் தாம் தொடங்கிய முதல் மடத்திற்குச் சூசையப்பரின் பெயரைச் சூட்டியதிலிருந்து ஸ்பெயினில் ஓங்கிய பக்தியின் விளைச்சல் அது. சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட ஐரோப்பியக் காப்பியம் ஒன்று தேம்பாவணிக்கு நூறாண்டுக்கு மேல் முன்னதாகவே இருந்திருக்க, ஒப்பீட்டுக்குத் தாந்தேயையும் மில்டனையும் மட்டும் நாடுவது ஆங்கில நூலகத்தின் எல்லையைத் தமிழாய்வின் எல்லையாக ஏற்பதாகும்.

இவ்வொப்பீட்டால் ஓர் அடிப்படை வேறுபாடும் தெளிவாகிறது. போஸ்கான் அயல் யாப்பைத் தம் மொழிக்குக் கொணர்ந்தார். வீரமாமுனிவர் எட்டடிச் செய்யுளைத் தமிழுக்குக் கொணரவில்லை. அயல் பொருளைத் தமிழ் விருத்தத்துள் அமைத்தார்.

ஸ்பானிய மேற்பட்டப் படிப்பின் மற்றொரு பகுதியான இலத்தீன் அமெரிக்கக் குடியேற்றக்கால இலக்கியமும் இங்குப் பயன்படும். மெக்சிகோவில் பெர்னார்தினோ தே சாகுன் என்னும் துறவி 1583இல் நாவாட்டில் மொழியில் கிறித்தவப் பாடல் நூலொன்றை வெளியிட்டார். அம்மக்கள் ஆடலோடு பாடும் மரபுக்கு ஏற்பவே அது அமைந்தது. முதல் நோக்கில் சாகுனும் வீரமாமுனிவரும் ஒரே பணியைச் செய்தவர்களாகத் தோன்றுவர். ஆனால் சாகுன் எழுதியபோது அந்நிலம் ஸ்பானியப் படைகளால் வெல்லப்பட்டிருந்தது. பழைய பாடல்களை விலக்கிப் புதியவற்றைப் புகுத்தும் அதிகாரம் ஆட்சியின் துணையோடு இயங்கியது. வீரமாமுனிவர் பணியாற்றிய தமிழகத்தின் உட்பகுதிகளில் அவருக்குப் பின்னே ஐரோப்பிய ஆட்சி எதுவும் நிற்கவில்லை. அவர் நூல் நிலைபெறத் தமிழ்ப் புலமையின் ஒப்புதலே வேண்டியிருந்தது. தேம்பாவணி இத்துணைக் கண்டிப்பாகத் தமிழ்க் காப்பிய இலக்கணத்தைப் பேணியதன் காரணத்தை, பக்தியிலும் புலமையிலும் மட்டுமின்றி இவ்வதிகார நிலையிலும் தேட வேண்டும்.

மேற்பட்டப் படிப்பு தருவதும் தராததும்

இத்தாலிய, ஸ்பானிய மேற்பட்டப் படிப்பு மாணவர்க்கு மொழித்தேர்ச்சியோடு நூற்றாண்டுவாரியான பரந்த வாசிப்பையும், பழைய அச்சுப்படிகளையும் கையெழுத்துகளையும் படிக்கும் பயிற்சியையும், ஒரு நூல் எக்காலத்தில் யாரால் எப்படி மதிக்கப்பட்டது என்னும் வரலாற்று உணர்வையும் தருகிறது. தேம்பாவணி ஆய்வுக்கு இம்மூன்றும் தேவை.

ஆயினும் அத்துறைகளிடமும் குறைகள் உண்டு. இத்தாலிய இலக்கிய வரலாறு இத்தாலியத்தில் எழுதப்பட்டதையே தனதாகக் கொள்கிறது. ஆகவே இத்தாலியர் ஒருவர் இயற்றிய இப்பெருங்காப்பியம் அதன் வாசிப்புப் பட்டியலுக்குள் வருவதில்லை. ஸ்பானியத் துறைகள் ஸ்பெயினையும் அமெரிக்கக் கண்டத்தையும் நோக்கும் அளவுக்கு, ஸ்பானிய நூலொன்று தமிழில் அடைந்த மறுபிறப்பை நோக்குவதில்லை. இயேசு சபையின் இலத்தீன எழுத்துகளோ எத்துறையிலும் முழுமையாக அடங்காமல் இடைவெளியில் நிற்கின்றன. வீரமாமுனிவர் கொடுந்தமிழ் இலக்கணத்தையும் திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் மொழிபெயர்ப்பையும் இலத்தீனத்தில்தான் எழுதினார். ஆகவே இப்படிப்பு தமிழாய்வின் இடத்தை நிரப்பாது. தமிழாய்வோடு சேரும்போதே பயன் தரும்.

சேர்ந்தால் விளையும் பயனுக்குச் சான்றும் உண்டு. மார்கெரிட்டா திரெந்தோ 2022இல் வெளியிட்ட, 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கத்தோலிக்க இலக்கியம் பற்றிய ஆங்கில நூல், இயேசு சபை ஆவணங்களையும் தமிழ்ப் பனுவல்களையும் ஒருங்கு நோக்கி வீரமாமுனிவரை அவர் காலத்துத் தமிழ்ப் புலமைச் சூழலில் வைத்து விளக்குகிறது. இத்தகைய முயற்சி தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரிடமிருந்தும் வர வேண்டும் என்பதே தமிழாய்வுலகின் எதிர்பார்ப்பாக இருத்தல் தகும்.

புலம்பெயர் தமிழரும் இவ்வாய்வும்

இவ்வெதிர்பார்ப்புக்குரிய சூழல் புலம்பெயர் நாடுகளில் உருவாகியுள்ளது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இத்தாலியத் துறையும் ஸ்பானிய, போர்த்துகேயத் துறையும் உள்ளன. அதன் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்குரிய நிதியும் திரட்டப்பட்டுள்ளது. இத்தாலியின் பலெர்மோவில் இலங்கைத் தமிழர் குடியேறி ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. அங்கு வளரும் பிள்ளைகள் இத்தாலிய வழியிலேயே பள்ளிக்கல்வி பெறுகின்றனர். மேல்நிலை வகுப்புகளில் தாந்தேயை மூலத்திலேயே பயில்கின்றனர். ஐரோப்பியர் ஒருவர் தமிழைக் கற்றுத் தேம்பாவணி பாடியதை வியக்கும் சமூகம், தன் பிள்ளைகள் தாந்தேயின் மொழியை இயல்பாகப் பேசுவதை ஆய்வுச் செல்வமாகக் கருதுவதில்லை. பிழைப்புக்கு வேண்டிய மொழி என்றோ, தமிழை இழப்பதன் அடையாளம் என்றோ அதனைக் காண்கிறது. தமிழ் படிப்போர் ஒருபுறமும் இத்தாலியமோ ஸ்பானியமோ படிப்போர் மறுபுறமும் பிரிந்து நிற்பதற்கு இம்மனநிலையும் ஒரு காரணம்.

அனைத்துலகத் தமிழாய்வுக்கு வித்திட்டவரிடம் இப்பிரிவு இருக்கவில்லை. 1913இல் பிறந்த தனிநாயக அடிகள் உரோமையில் இறையியல் பயின்றவர். இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துகேயம் ஆகியவற்றில் புலமை பெற்றவர். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ்ச் சமயநூலின் சிறப்பை ஆய்வுலகுக்கு எடுத்துரைத்ததற்கும், புரோவென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துகேய அகராதியை 1966இல் மீண்டும் பதிப்பித்ததற்கும் அம்மொழிப் பயிற்சியே துணைநின்றது. அவ்வாண்டிலேயே முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. 'அனைத்துலக' என்னும் அடைமொழி, பல நாடுகளில் மாநாடு கூட்டுவதை மட்டுமன்றி, அந்நாடுகளின் மொழிகளைக் கற்றுத் தமிழுக்குப் பயன்கொள்வதையும் அவரிடத்தில் குறித்தது.

முடிவுரை

தேம்பாவணியைப் பற்றிய ஒப்பாய்வு, பெரும்புலவர் பெயர்களோடு அதனைச் சேர்த்துப் பெருமை கொள்ளும் நிலையைக் கடக்க வேண்டும். ஆக்ரெதா மரியாவின் ஸ்பானிய நூலுக்கும் தேம்பாவணிக்கும் இடையே படலம் படலமாக ஓர் ஒப்பீட்டு அட்டவணை உருவாக்குதல் முதற்பணி. வால்திவியெல்சோவின் சூசையப்பர் காப்பியத்தோடும், சன்னாசாரோ, வீதா ஆகியோரின் இலத்தீனக் காப்பியங்களோடும் அதனை ஒப்பிடுதல் அடுத்த பணி. இவற்றை மூலமொழிகளிலேயே செய்ய வேண்டும். அதற்குத் தமிழ் முனைவர் பட்ட ஆய்வாளர்க்கு இத்தாலியமோ ஸ்பானியமோ துணைமொழியாக ஏற்கப்படுதலும், அம்மொழித் துறைகளில் பயிலும் தமிழ் மாணவர்க்குத் தேம்பாவணி ஆய்வுப்பொருளாக வழங்கப்படுதலும் வேண்டும். வீரமாமுனிவர் தமிழ் கற்கச் செலவிட்ட உழைப்பில் ஒரு பகுதியையேனும் அவர் கொணர்ந்த மொழிகளைக் கற்பதில் தமிழாய்வு செலவிடுமாயின், தேம்பாவணியை அதன் முழு அளவில் காணும் வாசிப்பு தமிழில் பிறக்கும்.